சந்தேகத்தின் அகலம்

மேலே இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். மேலிருந்து எடுத்த படங்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகு எனக்கு அதில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. வரப்பு தெரிகிறது. வாய்க்கால், போர்செட்டின் தகரக் கூரை, பனைமரத்தின் நிழல்கூடத் தெரிகிறது. எல்லை மட்டும் தெரிவதில்லை. எவ்வளவு பெரிதாக்கினாலும் மண்ணும் பயிரும்தான் வருகின்றன.

நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். குடவாசல் பக்கத்துக் கிராமங்களில் சங்கிலியும் கிராஸ் ஸ்டாப்பும் தூக்கிக்கொண்டு நடந்தே உத்தியோக காலம் போயிற்று. அப்போதெல்லாம் கேட்டுக்கொள்ள நேரமில்லாத கேள்வி ஒன்று இப்போது என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு துண்டு நிலம் என்னுடையதா அடுத்தவனுடையதா என்று எனக்கே நிச்சயமில்லை என்றால், அந்தத் துண்டை நான் என்ன செய்வது? இது நிலத்தைப் பற்றிய கேள்வி போலத்தான் தெரியும். கொஞ்சம் உள்ளே போனால் பாவ புண்ணியக் கேள்வி.

கிளப்பியவன் என் தம்பி மகன். சென்னையில் வேலை. அரசின் இணைய நிலவரைபடத்தில் எங்கள் சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் விழுந்த கோட்டை அப்படியே கைபேசியில் அனுப்பியிருந்தான். கூடவே போன்.

"பெரியப்பா, பாத்தீங்களா? கோடு அவங்க வயலுக்குள்ள போவுது. பத்தடி நம்ம எடம் அவங்ககிட்ட இருக்கு."

முந்நூறு அடி நீள வரப்பில் பத்தடி என்றால் மூவாயிரம் சதுர அடி. எங்கள் தஞ்சாவூர்க் கணக்கில் இருபது குழிக்கு மேல். இருபது குழிக்காக மூன்று தலைமுறை பேசாமல் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். பக்கத்து வயல்காரர் ஒரு ராவுத்தர், என்னைவிட மூத்தவர். அவரிடம் போய் இதைச் சொல்வதற்கு முன்னால், அந்தக் கோடு படத்தின் மேல் எப்படி வந்து உட்கார்ந்தது என்று பையனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு புலப்படம் உண்டு. எஃப்எம்பி என்பார்கள். அதன் மூல அளவுகள் பெரும்பாலும் சங்கிலியால் எடுத்தவை. 66 அடிச் சங்கிலி, அதில் 100 லிங்க், ஒரு லிங்க் சுமார் 20 சென்டிமீட்டர். கல்லுக்குக் கல் ஒரு நேர்கோடு பிடித்து, அதிலிருந்து செங்குத்தாக ஆஃப்செட் எடுத்து வளைவு நெளிவுகளைக் குறிப்பார்கள். அந்தத் தாள் தனக்குள் நேர்மையானது. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் இத்தனை தூரம் என்று சொல்லும். பூமிப் பந்தில் தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லாது; அதை அதனிடம் யாரும் கேட்டதும் இல்லை. பிற்காலத்தில் இந்தத் தாள்களைக் கணினியில் ஏற்றினார்கள். பக்கத்துப் பக்கத்துத் தாள்களை ஒட்டிக் கிராமம் ஆக்கினார்கள். ஒட்டுகிற இடத்தில் கொஞ்சம் இடைவெளி வரும், கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். இழுத்துப் பிடித்துப் பொருத்த வேண்டும். அந்தக் கிராமத்தைத் தூக்கிச் செயற்கைக்கோள் படத்தின் மேல் சில புள்ளிகளை வைத்துப் பொருத்துவது அடுத்த வேலை. படமும் சுத்தமானதல்ல. கேமரா நேர் செங்குத்தாகப் பார்ப்பதில்லை, உயரமானவை சாய்ந்து விழும், படம் முழுதுமே சில மீட்டர் நகர்ந்திருக்கலாம்.

இத்தனை கை மாறி வந்த கோடு மூன்று மீட்டர் விலகியிருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பத்தடி என்பது மூன்று மீட்டர். பையன் கண்டுபிடித்த ஆக்கிரமிப்பும் படம் செய்யக்கூடிய பிழையும் ஒரே அகலம்.

அதற்காகப் படத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வேலைக்கு ஆகும், எதற்கு ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும். கோயில் குளத்தின் மூலை, மதகு, ரோடு திரும்பும் இடம், இப்படி இடம் மாறாத சிலவற்றைப் பார்க்கச் சொன்னேன். கோடு அங்கேயும் விலகியிருக்கிறதா, எந்தப் பக்கம், எவ்வளவு? பார்த்தான். குளத்தின் கரையே தண்ணீருக்குள் இருந்தது. மதகு பக்கத்து வயலில் இருந்தது. எல்லாம் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவு. ராவுத்தர் குளத்தையும் சேர்த்து நகர்த்தியிருக்க முடியாது என்று அவனே சிரித்தான்.

பழைய ஆண்டுப் படங்களையும் தேதி தேதியாகத் திருப்பிப் பார்க்கலாம். சம்பா அறுத்த பிறகு மாசி பங்குனியில் எடுத்த படமென்றால் காய்ந்த தாளுக்கு நடுவே வரப்பு பச்சையாகக் கோடு போடும். நடவுக்குத் தண்ணீர் கட்டியிருக்கும் நாளில் எடுத்ததென்றால் இன்னும் தெளிவு. இப்படிப் பார்த்துக் கல் எங்கே புதைந்திருக்கும் என்று உத்தேசம் செய்யலாம். அந்த உத்தேசத்தில் மண்வெட்டியைப் போட்டால், அரையடிச் சேற்றுக்கு அடியில் கல்லின் தலை தட்டுப்பட வாய்ப்புண்டு. கல் கிடைத்துவிட்டால் பிறகு படத்துக்கு வேலையில்லை. கல்லிலிருந்து டேப் பிடித்துப் புலப்படத்தின் அளவோடு ஒப்பிட்டால் போதும்.

ஆனால் பையனின் நம்பிக்கை கோட்டில் மட்டும் இல்லை, எண்ணிலும் இருந்தது. வரப்பின் முனையில் நின்று கைபேசியில் அட்சரேகை தீர்க்கரேகை எடுத்திருந்தான்; புள்ளிக்குப் பிறகு ஏழு இலக்கம். ஏழாவது இலக்கம் என்றால் ஒரு சென்டிமீட்டர். அந்தக் கைபேசிக்கு உண்மையில் தெரிந்தது நாலைந்து மீட்டர் வட்டம். மீதி இலக்கங்கள் கணக்குப் போட்டதில் வந்தவை.

இது இந்தக் காலத்து மயக்கம் இல்லை. ராஜராஜன் காலத்து அளவையைப் பற்றி எழுதுகிறவர்கள், ஒரு வேலி நிலத்தின் 52,42,88,00,000இல் ஒரு பங்குவரை கல்வெட்டில் கணக்கு இருக்கிறது என்று வியப்பார்கள். இன்றைய வேலிக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால் அரை சதுர மில்லிமீட்டர் வருகிறது. ஒரு நெல்மணி அதைவிடப் பெரிது. எந்தக் கோலாலும் அதை அளந்திருக்க முடியாது. முந்திரி, கீழ்முந்திரி என்ற பின்னங்களாக வகுத்துக்கொண்டே போனதில் கிடைத்த எண் அது. வரி போடுவதில் யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை என்று காட்டுவதற்கு அந்த எண் பயன்பட்டிருக்கலாம். வரப்பு எங்கே என்று கேட்டால் அது பதில் சொல்லாது.

எண்ணுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நாம் நிற்கும் இந்தியத் தட்டு வடகிழக்காக ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்கிறது. இருபது வருஷத்தில் ஒரு மீட்டர். உலகம் முழுமைக்குமான ஓர் அளவைச் சட்டகத்தில் எல்லைக்கல்லின் இடத்தை எண்ணாக எழுதி வைத்தால், எண் நின்ற இடத்தில் நிற்கும். கல்லும் வயலும் குளமும் ராவுத்தரும் நாங்களும் சேர்ந்து அதை விட்டுப் போய்க்கொண்டிருப்போம்.

மேலிருந்து பார்க்கிற ஆசைக்கும் எங்கள் பக்கத்தில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து நாட்டையே முக்கோணங்களாகப் பிடிக்கக் கிளம்பினார் வில்லியம் லாம்ப்டன். காவிரிப் படுகையில் ஏறி நிற்க ஒரு குன்று கிடையாது. கோபுரங்களைத்தான் பிடித்தார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டித் தூக்கும்போது கயிறு அறுந்தது. கருவி விமானத்தில் மோதி வளைந்துபோயிற்று. லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தட்டி நிமிர்த்தி மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார். சாமிக் குற்றம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். சர்வேயர் புத்தி கயிற்றின் தரத்தைத்தான் கேட்கிறது. ஆனால் அந்த உயரத்திலிருந்து அவர் பார்த்தது கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடையிலுள்ள கோணங்களை. ஒரு குடியானவனின் வரப்பு அந்தக் கணக்கில் வரவே இல்லை. அதற்கு யாராவது இறங்கி வந்து சேற்றில் நிற்க வேண்டும்.

சோழர் காலத்தில் நிலம் தானம் கொடுத்தபோது நின்றிருக்கிறார்கள். நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தி லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. சைவ அரசன், புத்த விகாரம், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அந்தச் செப்பேடுகளில் எல்லை வகுக்கும் முறை இதுதான். ஒரு பெண்யானையை நடக்கவிட்டு, அதன் பின்னால் அதிகாரிகளும் சுற்று வட்டாரத்து ஊர்க்காரர்களும் எல்லையைச் சுற்றி வந்து, கல் நட்டு, கள்ளி நட்டார்கள். பிறகு கிழக்கில் இன்னார் நிலம், தெற்கில் இந்த வாய்க்கால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். யானை எதற்கு? எல்லை யானைக்குத் தெரியும் என்று அல்ல. யானை போனால் ஊரே வெளியே வந்து பார்க்கும். பார்த்தவன் எல்லாம் சாட்சி. சிவன் கோயில் நிலமென்றால் சூலம் பொறித்த கல், பெருமாள் கோயிலென்றால் ஆழி, சமணப் பள்ளியென்றால் முக்குடை. எழுத்துத் தெரியாதவனும் சாட்சியாக இருக்க அது போதும்.

எல்லை மேலிருந்து தெரியாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு பேர், ஊர் பார்க்க, இதுவரை உனது இதுவரை எனது என்று ஒத்துக்கொண்ட ஒரு காரியம் அது. கல் அந்த ஒப்புதலின் அடையாளம். கல்லைப் படம் எடுக்கலாம். ஒப்புதலைப் படம் எடுக்க எந்த உயரமும் போதாது. எல்லையைக் காக்கிற தெய்வங்களும் வானத்தில் இல்லை. எங்கள் ஐயனார் ஊர் ஓரத்தில் தரையில் நிற்கிறார். ரோமானியர்களுக்கு டெர்மினஸ் என்றொரு எல்லைத் தெய்வம், கல்லே தெய்வம். பிப்ரவரி 23 அன்று இரண்டு பக்கத்து நிலக்காரர்களும் அவரவர் பக்கத்திலிருந்து வந்து அந்த ஒரே கல்லுக்கு மாலை போடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தரமாவது இரண்டு பேரும் சேர்ந்து நின்று கல் இருக்கும் இடத்தைப் பார்த்துவிடுகிறார்கள் அல்லவா? சர்வேயர் என்ற முறையில் இதைவிட நல்ல பண்டிகை எனக்குத் தெரியாது.

சாட்சி இல்லாத நேரத்தில்தான் கல் நகரும். அதனால்தான் பல சமயங்களும் இந்த ஒரு குற்றத்துக்குச் சாபத்தைக் கையில் எடுக்கின்றன. பைபிளில் உபாகமத்தின் 27ஆம் அதிகாரத்தில் அண்டை வீட்டான் எல்லையை ஒற்றுகிறவனுக்குச் சாபம் வருகிறது; அந்தப் பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் யாரும் பார்க்காமல் செய்யக்கூடிய பாவங்கள். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவன் கழுத்தில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்கிறது நபிமொழி. கோயில் நிலத்தைத் தொடுகிறவனுக்குக் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம் என்று கல்வெட்டுகள் முடியும்.

ஆனால் இந்தச் சாபங்கள் எல்லாம் தெரிந்து நகர்த்துகிறவனுக்கு. எங்கள் வரப்பில் யாரும் எதையும் நகர்த்தவில்லை. அல்லது நகர்த்தினார்கள், எப்போது யார் என்று தெரியாது. வருஷா வருஷம் அண்டை வெட்டும்போது ஒரு மண்வெட்டி இந்தப் பக்கம், ஒரு மண்வெட்டி அந்தப் பக்கம். வரப்புக்குத் தானாகவே கால் முளைக்கும். தெரியாதவன் என்ன செய்வது?

சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. 1923ஆம் ஆண்டின் அளவை மற்றும் எல்லைச் சட்டப்படி, அளவை முடிந்து அறிவிக்கை வந்துவிட்டால் அந்த எல்லை உறுதி. ஆட்சேபம் இருந்தால் மூன்று ஆண்டுக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். நியாயமான ஏற்பாடு. எங்கேயாவது நிறுத்தியாக வேண்டும் அல்லவா? ஆனால் சட்டம் நிறுத்துகிற இடத்தில் மனசு நிற்பதில்லை. காகிதத்தில் உறுதியான கோட்டைத் தரையில் பிடிக்கும்போது, எந்தக் கருவி பிடித்தாலும் அதற்கு ஓர் அகலம் இருக்கும். சங்கிலிக்கு ஒரு லிங்க் அரை லிங்க், கைபேசிக்கு நாலைந்து மீட்டர், ரோவர் என்கிற செயற்கைக்கோள் அளவைக் கருவிக்கு ஓரிரு சென்டிமீட்டர். அகலமே இல்லாத கோட்டைத் தரையில் நான் பிடித்ததில்லை. அந்த அகலத்துக்குள் உண்மை எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, தாசில்தாருக்கும் தெரியாது.

இதை ராவுத்தரிடம் பேசினேன். வழக்கைப் பற்றி அல்ல, கேள்வியைப் பற்றி. அவர் ஒரு நபிமொழியை நினைவூட்டினார். ஆகுமானது தெளிவு, ஆகாதது தெளிவு, இரண்டுக்கும் நடுவே சந்தேகமானவை இருக்கின்றன. அவற்றைத் தவிர்த்தவன் தன் மார்க்கத்தைக் காப்பாற்றிக்கொண்டான். அரசனின் மேய்ச்சல் நிலத்தின் ஓரத்திலேயே ஆடு மேய்க்கிறவன் சீக்கிரம் உள்ளே போய்விடுவான் என்பது அதிலேயே வருகிற உவமை. "ஒங்க தொழிலத்தான் சொல்லியிருக்கு, சர்வேயரே" என்றார்.

என் தீர்மானம் அங்கிருந்துதான் பிறந்தது. நிச்சயமாக என்னுடையது என்று தெரிந்ததை நான் விட வேண்டியதில்லை. நிச்சயமாக அவருடையதைத் தொடக் கூடாது. தெரியாத அகலத்துக்குள் மட்டும், எனக்குச் சாதகமாக முடிவு சொல்கிற உரிமை எனக்கு இல்லை. தெரியாது என்று தெரிந்த பிறகு எடுத்துக்கொண்டால், அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சந்தேகம் இருப்பதே அங்கே எனக்குக் கிடைத்த அறிவு.

பையன் சும்மா இருக்கவில்லை. "பெரியப்பா, விட்டுக் குடுக்கறதுதான் தர்மம்னா, ஏமாந்தவன்தான் எப்பவும் தர்மவான். பெரிய பண்ணை ஒரு கூலிக்காரன் எடத்துல ஏறுனா அவனும் சந்தேகம்னு சொல்லி விட்டுடணுமா?"

நல்ல கேள்வி. அடி வாங்கிப் பழகிய கேள்வியும்கூட. செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே மக்களுக்குத்தான் கொடுக்கலாம் என்று நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கை மாறிப் போயிற்று. அந்த மக்களிடம் போய்ச் சந்தேகத்தை விட்டுக்கொடு என்று உபதேசம் செய்கிறவன் திருடனுக்கு வக்காலத்து வாங்குகிறான். அவர்களுக்கு இணையத்தில் திறந்து கிடக்கும் புலப்படமும் 'அ' பதிவேடும் பெரிய ஆயுதம். முன்பு அந்தக் காகிதத்தைப் பார்க்கவே ஒருவர் காலில் விழ வேண்டும். 2021 முதல் அறநிலையத் துறை ரோவர் வைத்துக் கோயில் நிலங்களை அளந்து, துறையின் எழுத்துப் பொறித்த கற்களை நடுகிறதே, அதுவும் சரியான வேலைதான். அங்கே தன் பக்கம் பேச முடியாத உரிமைக்காரர் சாமி.

ஆகையால் விட்டுக்கொடுப்பது பொது விதி ஆகாது. சந்தேகத்தின் சுமையை யார் தூக்குவது என்பதே விதி. இழந்தால் தாங்கக்கூடியவன் தூக்க வேண்டும். வலுவுள்ளவன் தன் பக்கமிருந்து அளந்து காட்ட வேண்டும். காட்ட முடியாத அகலத்தை எளியவனிடம் விட வேண்டும். நாட்டில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ் என்பதும் எனக்குத் தெரியும். பண்ணையாருக்குச் சந்தேகம் வந்தால் அது உரிமை, கூலிக்காரனுக்கு வந்தால் அது வம்பு.

இரண்டு பேரும் சமமானவர்கள் என்றால்? எங்கள் விஷயம் அதுதான். அவருக்கும் பிள்ளைகள் வெளியூரில் சம்பாதிக்கிறார்கள், எங்களுக்கும் அப்படியே. அளந்து தரச் சொல்லி முறைப்படி விண்ணப்பம் போட்டோம், இரு தரப்புக்கும் நோட்டீஸ் வந்தது, இரு தரப்பும் வயலில் நின்றோம். படத்தை வைத்து உத்தேசித்த இடத்தில் ஒரு முனையில் கல் அகப்பட்டது. மறு முனையில் இல்லை. வாய்க்கால் தூர்வாரும்போது போயிருக்கலாம். வேறு கற்களிலிருந்து அளவு பிடித்து அந்த இடத்தைக் குறித்தார்கள். வரப்பு ஏறக்குறைய கோட்டின் மேலேயே இருந்தது. பத்தடி, அரையடி ஆயிற்று. அந்த அரையடியும் எந்தப் பக்கம் என்று அறுதியிட்டுச் சொல்ல வந்திருந்த அளவர் தயங்கினார். அவர் தயக்கத்தை நான் மதித்தேன்.

"அப்போ அந்த அரையடி யாருது?" என்று பையன் விடவில்லை.

யாருடையது என்று தெரியாத நிலத்துக்கு விவசாயிகள் எப்போதோ கண்டுபிடித்த வழி வரப்பு. இரண்டு பேரும் அதில் நடக்கலாம், இரண்டு பேரும் அதில் உளுந்து ஊன்றலாம், யாரும் அதை வெட்டக் கூடாது. நடு வரப்பில் சந்தேகம் பொதுச் சொத்தாகிவிடுகிறது. அதை வைத்து யாரும் பணக்காரர் ஆக முடியாது, யாரும் ஏமாறவும் முடியாது. இதைச் சொன்னேன். நாளைக்கு ரோடு வந்து சதுர அடி இரண்டாயிரம் ரூபாய் ஆனால் இதே பேச்சு பேசுவீர்களா என்று கேட்டான். பேசுவேன் என்றேன். விலை ஏறினால் ஆசையின் அகலம் கூடும், சந்தேகத்தின் அகலம் கூடாது. அன்றைக்கும் அது அரையடிதான். அவன் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. பட்டா அவன் பெயருக்கு மாறும்போது இந்த அரையடியும் சேர்ந்தே அவன் பொறுப்புக்கு வரும். வேலி போடுவதா வரப்பாகவே விடுவதா என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும்.